ஆள்களும் பிணைப்புகளும்: கணினிவழிச் சமூக ஒப்புருவாக்கத்தில் கருத்தாய்வுத் தரவின் எல்லை

வேதியியலார் ஒரு கரைசலைச் சூடாக்கிப் பார்க்கலாம். எண்ணியது நிகழவில்லையெனில் அதனைக் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்கலாம். சமூகத்தை ஆராய்வோர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. ஒரு நகரில் நோயைப் பரவவிட்டுப் பார்ப்பதோ, ஒரு மாவட்டத்தின் பள்ளிகளை மூடிவிட்டு இருபது ஆண்டுகள் காத்திருப்பதோ இயலாத செயல் மட்டுமன்று, அறமும் அன்று. இக்குறையை ஈடுசெய்ய ஆய்வாளர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாடிவரும் வழி, சமூகத்தின் நகல் ஒன்றைக் கணினிக்குள் கட்டி, அந்நகலின்மீது சோதனை நடத்துவதாகும். சிமுலேஷன் என உலக வழக்கில் அறியப்படும் இம்முறையை இக்கட்டுரையில் ஒப்புருவாக்கம் எனக் குறிக்கிறோம். உருவகப்படுத்தல் என்ற சொல்லும் வழக்கில் உள்ளது. எனினும், அணியிலக்கணம் பயிற்றும் ஆசிரியர்க்கு உருவகம் என்பது வேறொரு பொருளில் உரிய சொல்லாதலின் அதனைத் தவிர்த்துள்ளோம்.

ஒரு சமூகத்தின் நகலைக் கட்ட இருவகைச் செய்திகள் தேவைப்படுகின்றன. முதல்வகை ஆள்களைப் பற்றியது: அகவை, பால், கல்வி, வருவாய், சமயம், வீட்டில் பேசும் மொழி, கொண்டுள்ள கருத்து ஆகியன. இவற்றை மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் கருத்தாய்வுகளும் தருகின்றன. இரண்டாம் வகை, ஆள்களுக்கு இடையிலான பிணைப்பைப் பற்றியது: யார் யாருக்கு உடன்பிறப்பு, யார் யாரிடம் கைமாற்றுக் கேட்பார், யார் சொன்னால் யார் கேட்பார் என்பன. இப்பிணைப்புகளின் தொகுதியே சமூக வலைப்பின்னல். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் முகநூல் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும், ஜான் பார்ன்ஸ் என்னும் மானிடவியலார் நார்வே நாட்டு மீனவர் ஊர் ஒன்றைப் பற்றி எழுதுகையில் இக்கருத்தை 1954ஆம் ஆண்டிலேயே ஆய்வுக் கருவியாகக் கையாண்டுவிட்டார்.

இவ்விரண்டனுள் முதல்வகைச் செய்தி ஏராளமாகக் கிடைக்கிறது. இரண்டாம் வகை அரிதாகவே கேட்டுப் பெறப்படுகிறது. கேட்டுப் பெறாத இடத்தில் நகலைக் கட்டுபவர் பிணைப்புகளைத் தாமே ஊகித்துக்கொள்கிறார். அல்லது வேறோர் ஊரிலிருந்து கடன் வாங்குகிறார். ஒப்புருவாக்கத்தின் முடிவுகளை நம்பலாமா என்ற வினாவுக்கு விடை பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. கணினியின் வேகமும் கணக்கீட்டின் நுட்பமும் அதற்குப் பின்னரே வருகின்றன. சிறுபான்மை மொழியினராக வாழும் நமக்கு இது வெறும் முறையியல் வினாவும் அன்று. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

480 வகை வாக்காளர்

அமெரிக்காவில் 1959ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சிமுல்மேட்டிக்ஸ் நிறுவனம் இத்துறையின் தொடக்ககால முயற்சிகளில் பெரிதும் பேசப்பட்ட ஒன்றாகும். இத்தியேல் டி சோலா பூல், ராபர்ட் ஏபெல்சன் முதலிய பேராசிரியர்கள் அதில் பங்கு கொண்டனர். ஜான் கென்னடி போட்டியிட்ட 1960ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்கு ஆலோசனை கூறுவது அவர்கள் மேற்கொண்ட முதற்பணி. 1952ஆம் ஆண்டு முதலாக நடத்தப்பெற்ற அறுபதுக்கும் மேற்பட்ட கருத்தாய்வுகளின் துளை அட்டைகளை அவர்கள் ஒன்று திரட்டினர். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட நேர்காணல்கள் அவற்றில் அடங்கியிருந்தன. அவ்விடையாளர்களை வட்டாரம், குடியிருக்கும் நகரின் அளவு, வருவாய் நிலை, இனம், சமயம், பால், கட்சிச் சார்பு ஆகியவற்றால் 480 வகைகளாகப் பிரித்தனர். கிழக்கு மாநிலப் பெருநகரில் வாழும், குறைந்த வருவாயுடைய, ஜனநாயகக் கட்சி சார்ந்த, கத்தோலிக்க வெள்ளையினப் பெண் என்பது அவற்றுள் ஒருவகை. ஒவ்வொரு வகையினரும் 52 சிக்கல்கள் குறித்து என்ன கருதினர் என்பது அட்டவணையில் நிரப்பப்பட்டது. 480ஐ 52ஆல் பெருக்கினால் 24,960 கட்டங்கள். அன்றைய கணினிக்கு இது சிறிய சுமையன்று.

கென்னடி கத்தோலிக்கர். அவரது சமயம் தேர்தலின் மையச் சிக்கலானால் என்ன ஆகும் என்பது கட்சியினரை வாட்டிய வினா. ஆய்வாளர் அட்டவணைக்குள் சில விதிகளைப் புகுத்தினர். கத்தோலிக்க எதிர்ப்பு மனப்பான்மை கொண்ட சீர்திருத்தச் சபையினர் ஜனநாயகக் கட்சியை விட்டு விலகுவர். எதிர்க்கட்சியைச் சார்ந்த கத்தோலிக்கருள் ஒருபகுதியினர் கென்னடியின் பக்கம் வருவர். இவ்விதிகளின்படி மாநிலவாரியாகக் கணக்கிட்டு, சமயத்தால் இழக்கக்கூடிய வாக்குகளில் பெரும்பகுதியைக் கென்னடி ஏற்கெனவே இழந்துவிட்டார் என்றும், அவ்வினாவை வெளிப்படையாக எதிர்கொள்வதால் அவருக்கு ஆதாயமே என்றும் கூறினர். தென்மாநிலங்கள் நீங்கலாக 32 மாநிலங்களுக்கு அவர்கள் கணித்த வரிசையையும் உண்மை முடிவையும் பின்னர் ஒப்பிட்டபோது ஒட்டுறவுக் கெழு 0.82 என அமைந்தது. புதிய வாக்காளர் எவரையும் நேர்காணாமல் பழைய அட்டைகளிலிருந்து பெற்ற முடிவு என்ற வகையில் இது வியக்கத்தக்கதே. யூஜீன் பர்டிக் 1964இல் எழுதிய ‘தி 480’ என்னும் புதினம் இம்முறையைக் குறித்த அச்சத்தைப் பொதுமக்களிடையே பரப்பியது. நிறுவனமோ 1970இல் நொடித்துப்போனது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த 480 வகையினரும் ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை. ஒவ்வொரு வகையும் தனித்த பெட்டி. ஒரு செய்தி மேலிருந்து எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. பெட்டிகள் தத்தம் இயல்புக்கேற்பத் தலையசைக்கின்றன. அண்டை வீட்டார், பாதிரியார், தொழிற்சங்கத் தோழர் என்ற எவரும் அங்கில்லை. இக்குறையை ஏபெல்சன் அறிந்தே இருந்தார். குடிநீரில் புளோரைடு சேர்ப்பது பற்றிய ஊர் வாக்கெடுப்புகளை ஒப்புருவாக்க அவரும் பெர்ன்ஸ்டைனும் 1963இல் வெளியிட்ட மாதிரியத்தில் ஊரார் ஒருவரோடொருவர் உரையாடினர். உரையாடி மனம் மாறினர். ஆள்களும் பிணைப்புகளும் ஒன்றாக இடம்பெற்ற முன்னோடி முயற்சிகளில் அது ஒன்று. ஆனால் புகழ் முழுவதும் பேசாத பெட்டிகளுக்கே போய்ச் சேர்ந்தது.

நூறு பேர் கொண்ட கூட்டம்

பிணைப்பு ஏன் இத்துணை முதன்மை பெறுகிறது? மார்க் கிரானோவெட்டர் 1978இல் தந்த எடுத்துக்காட்டு இதனை எளிதில் விளக்கும். ஒரு திடலில் நூறு பேர் நிற்கின்றனர். கலவரம் தொடங்கலாம் என்ற நிலை. ஒவ்வொருவருக்கும் ஒரு வரம்பு உண்டு. எத்தனை பேர் கல்லெறிந்த பின்னர்த் தாமும் எறிவார் என்பதே அவ்வரம்பு. முதலாமவரின் வரம்பு 0. யாரும் எறியாவிடினும் அவர் எறிவார். அடுத்தவரின் வரம்பு 1, அதற்கடுத்தவருடையது 2. இவ்வாறே இறுதியாமவரின் வரம்பு 99. முதலாமவர் எறிகிறார், அதைக் கண்டு இரண்டாமவர், அவ்விருவரையும் கண்டு மூன்றாமவர். இறுதியில் நூறு பேரும் கலவரக்காரர் ஆகின்றனர். இப்போது ஒரேயொருவரை மாற்றுவோம். வரம்பு 1 உடையவருக்குப் பதிலாக வரம்பு 2 உடையவர் ஒருவரை நிறுத்துவோம். முதலாமவர் எறிகிறார். ஒருவரைக் கண்டு எழுவதற்கு அங்கே எவரும் இல்லை. கலவரம் அவரோடு நின்றுவிடுகிறது.

முதற்கூட்டத்தின் சராசரி வரம்பு 49.50, இரண்டாம் கூட்டத்தினுடையது 49.51. எந்தக் கருத்தாய்வும் இவ்விரு கூட்டங்களையும் பிரித்தறியாது. இரண்டும் ஒரே இயல்புடையன என்றே அறிக்கை எழுதப்படும். விளைவுகளோ நேர்மாறானவை. இவ்வெடுத்துக்காட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்க்கின்றனர் என்று கொண்டோம். ஒருவர் தம் நண்பர் ஐவரை மட்டுமே பார்க்கிறார் என்று கொண்டால், அந்த ஐவர் யாவர் என்பதும் முடிவை நிர்ணயிக்கும். ஆள்களை எத்துணைத் துல்லியமாக அளந்தாலும், யார் யாரைப் பார்க்கிறார் என்பதை அறியாதவரை கூட்டத்தின் போக்கை அறிந்தவராகோம்.

இதே காலத்தை ஒட்டித் தாமஸ் ஷெல்லிங் 1971இல் வெளியிட்ட ஆய்வு வேறு திசையிலிருந்து இதனைத் தொட்டது. கட்டங்கள் வரைந்த பலகையில் இருவகைக் காசுகளைப் பரப்பி, தம் இனத்தார் அண்டையில் மூன்றில் ஒரு பங்கேனும் இருந்தால் போதும் என்ற மென்மையான விருப்பமே முழுமையான குடியிருப்புப் பிரிவினையில் முடியக்கூடும் என்று அவர் காட்டினார். சிங்கப்பூரில் 1989இல் நடைமுறைக்கு வந்த, வீவக குடியிருப்புகளில் இனவாரி வரம்பு விதிக்கும் ஒருங்கிணைப்புக் கொள்கையை இம்மாதிரியத்தோடு ஒப்பிட்டுப் பேசுவது வழக்கம். ஷெல்லிங்கிடம் பிணைப்பு இருந்தது. ஆனால் பிணைக்கப்பட்டவை காசுகள். அவற்றுக்கு வருவாயும் இல்லை, குடும்பமும் இல்லை.

கணக்கெடுப்பிலிருந்து ஒரு நகரம்

உண்மைத் தரவிலிருந்து செயற்கை மக்கள்தொகையைப் பிறப்பிக்கும் முறைக்கு அடிப்படை 1940இல் இடப்பட்டது. அவ்வாண்டின் அமெரிக்கக் கணக்கெடுப்பில் சில வினாக்கள் 5 விழுக்காட்டு மாதிரியினரிடம் மட்டுமே கேட்கப்பட்டன. அம்மாதிரியின் விடைகளை முழு நாட்டின் மொத்த எண்களோடு பொருத்த டெமிங், ஸ்டீபன் ஆகிய இருவர் ஒரு வழி கண்டனர். அகவை வரிசையாகவும் குடும்ப அளவு நிரலாகவும் அமைந்த அட்டவணையைக் கற்பனை செய்வோம். வரிசைகளின் கூட்டுத்தொகை உண்மை எண்ணோடு பொருந்துமாறு ஒவ்வொரு வரிசையையும் பெருக்க வேண்டும். அப்போது நிரல்களின் கூட்டுத்தொகை பிசகும். நிரல்களைச் சரிசெய்தால் வரிசைகள் சற்றே பிசகும். மீண்டும் மீண்டும் செய்தால் பிசகு தேய்ந்து இரண்டும் பொருந்திவரும். எளிய, ஆனால் அரிய உத்தி. இன்று எந்த நகரத்தின் செயற்கை மக்கள்தொகையும் பெரும்பாலும் இவ்வழியிலோ இதன் வழித்தோன்றல்களாலோ பிறக்கிறது.

2004இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த போர்ட்லண்ட் நகர ஆய்வு இதற்குத் தக்க சான்று. சுமார் 16 இலட்சம் செயற்கை மாந்தரும் 1,80,000க்கும் மேற்பட்ட இடங்களும் கொண்ட நகல் அது. குடும்பங்கள் எந்த நேரத்தில் எங்குச் சென்றன என்ற போக்குவரத்து ஆய்வின் விடைகளைக் கொண்டு ஒவ்வொரு செயற்கை மாந்தருக்கும் அன்றாட நிகழ்ச்சி நிரல் ஒன்று வகுக்கப்பட்டது. ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருந்தோர் தொடர்பு கொண்டவராகக் கருதப்பட்டனர். பெரியம்மை பரவுவதைச் சோதிப்பது நோக்கமாதலின் இது ஏற்கத்தக்கதே. கிருமிக்கு ஒரே கூரையின் கீழ் இருப்பது போதும். சொல்லுக்கும் பழக்கத்துக்கும் நம்பிக்கைக்கும் அது போதாது. ஒரே மின்தூக்கியில் பத்தாண்டுகள் ஏறியிறங்கியும் ஒரு சொல் பரிமாறாத அண்டை வீட்டார் நம் நகரங்களில் இல்லையா?

நாங் ரோங்: கேட்டுப் பெற்ற பிணைப்புகள்

பிணைப்பை ஊகிக்காமல், ஊராரிடமே கேட்டுப் பெற்ற ஆய்வு நமக்கு அண்மை நாட்டில் நடந்துள்ளது. தாய்லாந்தின் வடகிழக்கே புரிராம் மாநிலத்தில் நாங் ரோங் என்னும் மாவட்டம் இருக்கிறது. வானம் பார்த்த நெல் விளைநிலம். இளையோர் பாங்காக்கிற்கும் கிழக்குக் கடலோரத் தொழிற்பகுதிகளுக்கும் வேலை தேடிச் செல்லும் ஊர்கள். தாய்லாந்தின் மகிடோல் பல்கலைக்கழகமும் அமெரிக்காவின் வட கரோலைனாப் பல்கலைக்கழகமும் இணைந்து இங்குள்ள 51 சிற்றூர்களில் 1984, 1994, 2000 ஆகிய ஆண்டுகளில் கள ஆய்வு மேற்கொண்டன. 1994இல் மாதிரி எடுக்கவில்லை; 51 ஊர்களிலும் இருந்த எல்லாக் குடும்பங்களையும் நேர்கண்டனர். 22 ஊர்களிலிருந்து வெளியேறியோரை அவர்கள் சென்று சேர்ந்த இடங்களிலேயே தேடிப்பிடித்து நேர்கண்டனர். இவ்வளவு உழைப்பைக் கோரும் களப்பணி எளிதில் நிதி பெறுவதன்று.

வினாநிரலில் வழக்கமான வினாக்களோடு வேறுவகை வினாக்களும் இடம்பெற்றன. இவ்வூரில் உங்கள் உடன்பிறந்தார் எந்தெந்த வீடுகளில் வாழ்கின்றனர்? நெல் அறுவடைக்கு உங்களுக்குக் கைகொடுத்தவர் எந்த வீட்டார்? உழவுக் கருவியை யாரிடமிருந்து வாடகைக்குப் பெற்றீர்கள்? விடையாகச் சொல்லப்பட்ட வீடும் அதே ஆய்வில் நேர்காணப்பட்ட வீடாதலின், இரு விடைத்தாள்களையும் இணைக்கும் கோடு ஒன்று கிடைத்தது. எல்லா வீடுகளையும் இவ்வாறு இணைத்தால் ஊரின் முழு வலைப்பின்னலும் தெரியவரும். அறுவடை பற்றிய வினா தற்செயலானதன்று. கதிர் முற்றியபின் சில நாள்களுக்குள் அறுத்தாக வேண்டும். ஒரு குடும்பத்தின் கைகள் அதற்குப் போதா. உங்களுக்கு நெருங்கியவர் யார் என்று கேட்டால் மரியாதைக்காகப் பலர் பெயரைச் சொல்வர். சென்ற அறுவடைக்கு வயலில் இறங்கியவர் யார் என்று கேட்டால் இறங்கியவர் பெயர் மட்டுமே வரும். கள ஆய்வுக்கு மாணவரை அனுப்பும் நாம் இவ்வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டும் எனத் தோன்றுகிறது.

இத்தரவைக் கொண்டு பார்பரா என்ட்விசில், கேத்தரின் ஃபாஸ்ட் முதலியோர் 2007இல் வெளியிட்ட கட்டுரை, நம் வாதத்துக்கு மிக நெருங்கியது. ஒரே மாவட்டம், ஒரே மொழிச்சூழல், ஒரே நெற்பயிர். அவ்வாறிருந்தும் 51 ஊர்களின் உறவுமுறை வலைப்பின்னல்கள் ஊருக்கு ஊர் கணிசமாக வேறுபட்டன. ஓர் ஊரின் வலைப்பின்னலை அடுத்த ஊருக்குக் கடன் தருவதே ஐயத்துக்குரியது என்றால், ஒரு நாட்டினுடையதை வேறொரு நாட்டுக்குக் கடன் தருவதைப் பற்றி என்ன சொல்ல?

பின்னர் இக்களத் தரவிலிருந்து முகவர்சார் மாதிரியம் ஒன்று கட்டப்பட்டது. முகவர் என்பது இங்குத் தரகரைக் குறிப்பதன்று. கணினிக்குள் தன் விதிப்படி முடிவெடுக்கும் ஒரு செயற்கை ஆள். நாங் ரோங் மாதிரியத்தில் ஆள்கள் பிறக்கின்றனர், மணக்கின்றனர், ஊரை விட்டுச் செல்கின்றனர், சிலர் திரும்புகின்றனர். வீடுகள் மழையைப் பார்த்துப் பயிரிடுகின்றன. 2016இல் வெளியான கட்டுரையில் ஆய்வாளர் நால்வகை வானிலையை இந்நகலின்மீது ஏவினர்: இயல்பான மழை, ஏழாண்டு மிகுமழை, ஏழாண்டு வறட்சி, ஏழாண்டு கடுமையான ஏற்றத்தாழ்வு. காலநிலை மாற்றத்தால் மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறுவர் என்பது பரவலான எதிர்பார்ப்பு. நகலோ அவ்வாறு காட்டவில்லை. இடப்பெயர்வில் ஏற்பட்ட மாற்றம் சிறிதே. காரணம் வியப்பானதன்று. வெளியேறக்கூடிய அகவையினரில் மிகப் பலர் மழை நன்கு பெய்த காலத்திலும் வெளியேறிக்கொண்டுதான் இருந்தனர். வறட்சியால் புதிதாக வெளியேற்றுவதற்கு எஞ்சியிருந்தோர் சிலரே. தொலைவிலிருந்து அட்டவணையைப் பார்ப்பவருக்குத் தோன்றாத இவ்விளக்கம், ஊரை அறிந்து கட்டிய நகலிலிருந்து வெளிப்பட்டது. ஒப்புருவாக்கத்தின் உண்மைப் பயன் வருவதுரைத்தலில் அன்று, இவ்வகை விளக்கத்தில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம்.

கடனாகப் பெற்ற பிணைப்புகள்

நாங் ரோங் தரவுக்கு மற்றொரு வாழ்வும் உண்டு. பறவைக் காய்ச்சல் அச்சம் நிலவிய 2005ஆம் ஆண்டில் ஐரா லாஞ்சினியும் உடனாய்வாளரும் ‘சயன்ஸ்’ இதழில் ஓர் ஒப்புருவாக்கத்தை வெளியிட்டனர். தென்கிழக்காசிய நாட்டுப்புறத்தில் கொள்ளைக் காய்ச்சல் தோன்றினால் அதனைத் தோன்றிய இடத்திலேயே அடக்க இயலுமா என்பது வினா. ஐந்து இலட்சம் செயற்கை மாந்தரை அவர்கள் படைத்தனர். ஆள்களின் பண்புகள் தாய்லாந்தின் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலிருந்தும், பிணைப்புகள் நாங் ரோங் ஆய்விலிருந்தும் வந்தன. நோயாளி ஒருவர் சராசரியாக 1.6 பேருக்கும் குறைவாகவே நோயைக் கடத்துவாராயின், விரைந்து குறிவைத்து வழங்கும் மருந்தால் அடக்கும் வாய்ப்பு மிகுதி என்பது முடிவுகளுள் ஒன்று. உலகளாவிய மருந்துச் சேமிப்பைப் பற்றிய விவாதங்களில் இத்தகைய ஆய்வுகள் எடைபெற்றன.

அதாவது, புரிராம் மாநிலத்து உழவர் சிலர் தம் ஊர் உறவுகளைப் பற்றிக் கூறிய விடைகள், தென்கிழக்காசிய நாட்டுப்புறம் முழுமைக்குமான பிணைப்பாக ஆகின. அவர்களைக் குறை சொல்ல இடமில்லை; வேறெங்கும் யாரும் கேட்டுவைக்கவில்லை. ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டியது இதுவே. கேட்டு எழுதி வைத்த ஊர், கேட்கப்படாத ஊர்களுக்காகவும் பேசிவிடுகிறது. ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தின் வரிசை வீடுகள் நாங் ரோங் சிற்றூரைப் போன்றவை அல்ல; ஈப்போவின் வீடமைப்புப் பகுதியும் அல்ல. எனினும் நாளை ஒருவர் நம் வட்டாரத்தை ஒப்புருவாக்க முனைந்தால், எங்கிருந்தோ எடுத்த பிணைப்புகளே நம் தலையிலும் ஏற்றப்படும்.

அண்மைக்காலச் செயற்கை அறிவு முயற்சிகள் இந்நிலையை மாற்றிவிட்டதாகக் கூற இயலாது. 2024இல் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் வெளியிட்ட ஆய்வில் 1,052 அமெரிக்கர் ஒவ்வொருவரும் இரண்டு மணி நேரம் நேர்காணப்பட்டனர். அந்நேர்காணலின் எழுத்து வடிவைப் பெருமொழி மாதிரியம் ஒன்றுக்கு அளித்து, அவ்வவ்வாளின் நகலாக விடை கூறச் செய்தனர். இரு வாரம் கழித்து அதே வினாக்களுக்கு அவ்வாள்கள் தம் பழைய விடைகளோடு எவ்வளவு ஒத்துப்போயினரோ, அதில் 85 விழுக்காட்டு அளவுக்கு நகல்களின் விடைகளும் பொருந்தின. பாராட்டத்தக்க பொருத்தமே. ஆயின் அந்த 1,052 நகல்களும் தனித்தனியே அமர்ந்து வினாநிரலை நிரப்புகின்றன. அவை ஒன்றையொன்று அறியா. இதே குழுவைச் சார்ந்தோர் 2023இல் படைத்த 25 பேர் கொண்ட கற்பனைச் சிற்றூரில் உறவுகள் இருந்தன. அவையோ ஆய்வாளர் எழுதிக்கொடுத்தவை. 1960இன் பெட்டிகள் பேசக் கற்றுக்கொண்டன; அடுத்த பெட்டியோடு பேச இன்னும் கற்கவில்லை.

சிறுபான்மையினர் எங்கே மறைகின்றனர்?

ஆயிரம் பேரைக் கொண்ட தேசிய மாதிரி என்பது கருத்தாய்வுகளில் இயல்பான அளவு. மலேசியக் குடிமக்களில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடு. ஆயிரத்தில் 70 பேர். அவர்களைப் பால்வாரியாகவும் நான்கு அகவைப் பிரிவுகளாகவும் பிரித்தால் ஒரு பிரிவுக்குச் சராசரியாக 9 பேர்கூட இல்லை. சிங்கப்பூரில் 9 விழுக்காடு. ஒரு பிரிவுக்குப் பதினொருவர். இந்தியர் அனைவரும் தமிழர் அல்லர் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் எண்ணிக்கை மேலும் சுருங்கும். இந்தச் சிலரின் விடைகளைப் பெருக்கித்தான் இலட்சக்கணக்கான செயற்கைத் தமிழர் பிறப்பிக்கப்படுவர். 2016ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தலின்போது ஒரு தொடர் கருத்தாய்வில், சிறுபான்மையினத்து இளைஞர் ஒருவரின் விடைக்குச் சராசரி விடையாளரைப் போல 30 மடங்கு வரை எடை அளிக்கப்பட்டிருந்ததை நாளேடு ஒன்று சுட்டிக்காட்டியது. அவர் மாறினால் கருத்தாய்வின் போக்கே மாறியது. பெரும்பான்மைச் சமூகத்தில் ஒருவரின் விசித்திரம் கூட்டத்தில் கரைந்துவிடும். நம்மிடையே அது இனத்தின் இயல்பாகிவிடும்.

ஆள்களின் எண்ணிக்கையாவது மாதிரியைப் பெரிதாக்கினால் சரியாகும். பிணைப்பின் சிக்கல் அவ்வாறு தீராது. பல்லாயிரம் வீடுகளிலிருந்து தற்செயலாகத் தேர்ந்த இருவர் ஒருவரையொருவர் அறிந்திருப்பது அரிது. தற்செயல் மாதிரி நன்கு அமைய அமைய, அதிலிருந்து உறவுகள் முற்றாக அறுந்துபோகின்றன. நாங் ரோங்கில் ஊர் முழுவதையும் நேர்கண்டதன் காரணம் இதுவே.

மொழி மாற்றத்தைப் பற்றிய ஒப்புருவாக்கங்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2003இல் ஏப்ரம்ஸ், ஸ்ட்ரோகாட்ஸ் ஆகியோர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணித மாதிரியம் வெல்ஷ், ஸ்காட்டிஷ் கேலிக், கெச்சுவா முதலிய மொழிகளின் தேய்வை ஒரு சமன்பாட்டால் விளக்கியது. இரு மொழிகள் போட்டியிட்டால், மதிப்பை உயர்த்தும் தலையீடு இல்லாதவரை, ஒன்று அழிந்தே தீரும் என்பது அதன் முடிவு. அம்மாதிரியத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஒரே அளவில் கலந்து பழகுகின்றனர்; இருமொழியாளர் என்ற வகையே இல்லை. நம் மாணவருள் எவரையேனும் இவ்விலக்கணத்துக்குள் அடக்க முடியுமா? சிங்கப்பூரின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காடு எனவும், 2010இல் அது 3.3 விழுக்காடு எனவும் பதிவாகியுள்ளது. இவ்விரு புள்ளிகளுக்கிடையே ஒரு கோட்டை இழுத்து ஆண்டு குறிப்பது எளிது. அக்கோட்டின் பின்னே, பாட்டியோடு தமிழும் அக்காளோடு ஆங்கிலமும் பேசும் சிறுமி ஒருத்தி ஒற்றை விடையாகச் சுருக்கப்பட்டிருக்கிறாள்.

இவ்வகையில் சூசன் கால் 1979இல் நூலாக வெளியிட்ட ஆய்வு இன்றும் பயன்தரும். ஆஸ்திரியாவின் ஓபர்வார்ட் என்னும் ஊரில் ஹங்கேரிய மொழி பேசிய உழவர் சமூகம் ஜெர்மன் மொழிக்கு மாறிவந்ததை அவர் ஆராய்ந்தார். எந்த மொழி பேசுகிறீர் என்று கேட்பதோடு அவர் நிற்கவில்லை. பாட்டன் பாட்டியோடு, உடன்பிறந்தாரோடு, வாழ்க்கைத் துணையோடு, பிள்ளைகளோடு, அரசு அலுவலரோடு, மருத்துவரோடு என்று தனித்தனியே கேட்டு அட்டவணைப்படுத்தினார். கடவுளோடு எம்மொழியில் பேசுகிறீர் என்பதற்கும் அதில் ஒரு நிரல் உண்டு. ஒருவர் தாமே உழவரா என்பதைவிட, அவர் பழகுவோரில் எத்தனை பேர் உழவர் என்பதே அவரது மொழித்தேர்வை நன்கு விளக்கியது. இளம்பெண்கள் மட்டும் இவ்விதிக்கு அடங்கவில்லை. உழவர் வலைப்பின்னலுக்குள் வாழ்ந்தும் அவர்கள் ஜெர்மன் மொழியையே நாடினர். உழவர் வீட்டு மருமகளாகும் வாழ்வை அவர்கள் விரும்பவில்லை. வலைப்பின்னலை அளந்ததனாலேயே இவ்விலக்கும் புலப்பட்டது.

நம் பல்கலைக்கழகத் துறைகளிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் மொழிப் பயன்பாடு குறித்த வினாநிரல்கள் ஆண்டுதோறும் தயாராகின்றன. பெரும்பாலும் ‘வீட்டில் எம்மொழியை அதிகம் பயன்படுத்துகிறீர்’ என்பதே வினா. அதனோடு ஒரு பக்கத்தைச் சேர்க்கலாம். ஒரு தமிழ்ப்பள்ளியின் ஒரு வகுப்பை, மாதிரி எடுக்காமல், முழுமையாக எடுத்துக்கொள்ளலாம். நேற்று இடைவேளையில் யாரோடு பேசினாய், எந்த மொழியில், யார் முதலில் பேசினார் என்று கேட்கலாம். முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் 435 இணைகள். ஓர் ஆசிரியரால் ஒரு வாரத்தில் தொகுக்க இயன்ற அளவே. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அதே மாணவரிடம் மீண்டும் கேட்டால், எந்தப் பிணைப்பு அறுந்தபோது எவருடைய தமிழ் குறைந்தது என்பதை நாமே காணலாம். இதற்குப் பெருங்கணினி வேண்டுவதில்லை.

இதிலுள்ள இடர்ப்பாட்டையும் சொல்லியாக வேண்டும். பிணைப்பைக் கேட்கும் வினாவுக்கு விடை கூறுபவர் தம்மைப் பற்றி மட்டுமன்றி, இசைவு அளிக்காத மற்றொருவரைப் பற்றியும் கூறிவிடுகிறார். பெயர்களுக்கு மாற்றாக எண்களை இட்டாலும், சிறிய சமூகத்தில் மறைப்பு நிலைப்பதில்லை. ஊரில் ஒரே மருந்தகம், அதன் உரிமையாளருக்கு மூன்று பெண்மக்கள் என்றால், எண் 17 யார் என்பதை வலைப்பின்னல் வரைபடத்தைப் பார்த்தவுடன் ஊரார் கூறிவிடுவர். ஆகவே வரைபடத்தை வெளியிடாமல் முடிவுகளை மட்டும் வெளியிடுவதும், பெயரும் எண்ணும் இணைந்த பட்டியலைத் தரவிலிருந்து பிரித்து வேறிடத்தில் பூட்டி வைப்பதும், பள்ளி மாணவராயின் பெற்றோரின் இசைவையும் சுட்டப்படும் மாணவரின் பெற்றோரது இசைவையும் முன்கூட்டியே பெறுவதும் தேவை. ஒரு பெற்றோர் மறுத்தால் அம்மாணவரைச் சுட்டும் கோடுகள் அனைத்தையும் நீக்க வேண்டும். அப்போது வகுப்பின் வலைப்பின்னலில் ஓர் ஓட்டை விழும். ஓட்டை எங்கே விழுந்தது என்பதையும், எத்தனை கோடுகள் நீக்கப்பட்டன என்பதையும் அறிக்கையில் குறித்துவிடுவதே முறை.